பெயர்க் குத்தகை

நம் நாட்டு வாலிபர் கல்வி முடிந்தவுடன் உத்தியோகம் ஒன்றையே நாடி நிற்கின்றனர், வியாபாரத்தில் அவர்க்கு ஊக்கமில்லை என்னும் குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. இன்று அக்குறையை முன்போற் கூறுதற்கில்லை. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய மேற்குப் புறநகர்களிலிருந்து நம் கலாசாலைக்கு வந்து கற்றுச் சென்றவருட் பலர், பிறரிடம் கைகட்டி நில்லாது தாமே ஒரு தொழில் நடத்தவேண்டும் என்னும் ஆவலுடையராயிருக்கின்றனர். இஃது மகிழத்தக்கதே. ஆனால் அவ்வாவல் பெரும்பாலும் ஒரே வினாவாக நம்மிடம் வந்து சேருகிறது. ‘துரித உணவுக் கடை ஒன்றின் பிரான்சைஸ் எடுக்கலாமா?’ என்பதே அவ்வினா. இறுதியாண்டு மாணாக்கர் கேட்கின்றனர். பத்தாண்டு வேலை பார்த்து அலுத்த பழைய மாணாக்கர் கேட்கின்றனர். தம் மக்கள் பொருட்டுத் தந்தையரும் கேட்கின்றனர். இதற்கு நாம் கொண்டுள்ள விடையை ஒளியாது எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனைச் சிறு விஷயமென்று கருதுவார்க்கு ஒன்று கூறுவோம். இவ்வினா எழும் வீடுகளில் முதல் எங்கிருந்து வருகிறது? ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலோ, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறையொன்றிலோ முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்ற தந்தையின் பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியுமே பெரும்பாலும் அம்முதல். அது போதாதவிடத்துத் தாயின் நகை அடகுக் கடைக்குச் செல்கிறது; வீட்டுப் பத்திரம் வங்கிக்குச் செல்கிறது. ஒரு குடும்பத்தின் கையில் வாழ்நாளில் ஒருமுறையே சேரும் தொகை அது. தங்கையின் படிப்பும், பெற்றோரின் மருத்துவச் செலவும், தலைக்குமேல் உள்ள கூரையும் அத்தொகையையே நம்பி நிற்கின்றன. ஆதலின், கடை திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுமுன் சிந்திக்க வேண்டுவன பலவுள.

முதற்கண், பிரான்சைஸ் என்பது யாது? ஒருவர் நெடுநாள் உழைத்து ஈட்டிய பெயரையும், அவர் வகுத்த சமையல் முறையையும், கடையின் தோற்றத்தையும், குறித்த காலத்துக்குக் குறித்த இடத்தில் பயன்படுத்திக்கொள்ளப் பிறரொருவர் பெறும் அனுமதியே அது. கடை வைப்பவர் முதலில் ஒரு நுழைவுத் தொகை செலுத்துகிறார். அதன்பின் மாதந்தோறும் விற்பனையில் நூற்றுக்கு இத்தனை என்று பெயருக்குரியார்க்குப் பங்கு அளக்கிறார். விளம்பரத்துக்கென்று வேறொரு பங்கும் உண்டு. மாவும் மசாலையும் இறைச்சியும் பெருவாரியாக அவர் சுட்டிய இடத்திலேயே வாங்கவேண்டும். பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் உழவர் குத்தகை, வாரம் என்னும் இரண்டினையும் நன்கறிவர். குத்தகையில், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசியதைக் கொடுத்தாக வேண்டும். வாரத்தில், விளைந்ததைப் பங்கிட வேண்டும். பிரான்சைஸில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. நுழைவுத் தொகை குத்தகை போன்றது; மாதப் பங்கு வாரம் போன்றது. அன்றியும், உழுபவனே நிலத்தையும் தேடிப் பிடித்து, விதையையும் பிறர் காட்டிய கடையில் வாங்கவேண்டும் என்பது மேற்கொண்டு ஒரு நிபந்தனை. ஆகவே இதனைப் பெயர்க் குத்தகை என்றழைப்பது பொருந்தும் என நினைக்கிறோம்.

இம்முறையை உலகமெங்கும் பரப்பிய வரலாறு ஒன்றுண்டு. அதனை அறிவது நமக்குப் பயன்படும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துச் சான் பெர்னார்டினோ நகரில் ரிச்சர்ட், மாரிஸ் என்னும் மெக்டொனால்ட் சகோதரர் ஓர் உணவகம் நடத்தி வந்தனர். 1948 ஆம் ஆண்டில் அவர்கள் உணவு வகைகளைக் குறைத்து, ஒவ்வொரு பணியாளுக்கும் ஒரே வேலையைப் பகுத்தளித்து, தொழிற்சாலையிற் பொருள் செய்வதுபோல விரைவாக உணவு செய்யும் முறையை அமைத்தனர். கலவை இயந்திரம் விற்று வந்த ரே கிராக் என்பார் 1954 இல் அதனைக் கண்டு வியந்து, அம்முறையையும் பெயரையும் பிறர்க்கு அளிக்கும் உரிமை பெற்று, 1955 இல் இல்லினாய் மாகாணத்தில் தம் முதற்கடையைத் திறந்தார். அந்நாளில் கடை வைப்பாரிடம் அவர் பெற்ற நுழைவுத் தொகை 950 டாலர். விற்பனையில் நூற்றுக்கு 1.9 பங்கு. இதிற் பெரும் பொருள் சேரவில்லை. ஹாரி சோனபார்ன் என்னும் அவருடைய கணக்கறிந்த துணைவர் 1956 இல் வேறொரு வழி கண்டார். கடை அமையும் நிலத்தைக் கம்பெனியே பிடித்துக் கடைக்காரர்க்கு மேல்வாடகைக்கு விடுவது என்பதே அவ்வழி. அதன்பின்னரே கம்பெனி கொழித்தது. ரொட்டிக்கிடையில் இறைச்சி வைத்து விற்றவன் கடைக்காரன். பெயருக்கும் மனைக்கும் வாடகை பெற்றவன் கம்பெனிக்காரன். முன்னவனுக்கு அடுப்பின் சூடு. பின்னவனுக்கு மாதந்தவறாத வரும்படி.

இவ்வரலாற்றில் இன்னொரு செய்தியும் உளது. 1961 இல் கிராக், சகோதரரிடமிருந்து உரிமை முழுவதையும் 27 லட்சம் டாலருக்கு வாங்கினார். சகோதரர் தம் முதல் உணவகத்தை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டனர். ஆனால் பெயரை விற்றுவிட்டமையால், தம் சொந்தப் பெயரையே அக்கடையின் பலகையினின்று எடுத்துவிட்டு வேறு பெயர் எழுத வேண்டியதாயிற்று. கிராக் அதற்கு அணித்தே மெக்டொனால்ட்ஸ் பெயரில் கடை ஒன்று திறந்தார். சில ஆண்டுகளில் சகோதரரின் கடை மூடப்பட்டது. சமைத்தவரும் அவரே, முறை கண்டவரும் அவரே. ஆயினும் பெயர் கைமாறியபின் வாடிக்கையாளர் பெயரைப் பின்பற்றிச் சென்றனர். இத்தொழிலில் ஆற்றல் முழுவதும் எதன்கண் உறைகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிற்க. இரவற் பெயர் யாவும் தீது என்பது நம் கருத்தன்று. நம் அம்பத்தூரிலேயே அதற்கு மாறான சான்று உண்டு. 1949 இல் முருகப்பா குடும்பத்தார் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனியோடு கூடி அங்கே சைக்கிள் தொழிற்சாலை நிறுவினர். அங்கிருந்து வெளிவந்த ஹெர்குலிஸ் சைக்கிளின் பெயர் ஆங்கில நாட்டிலிருந்து வந்ததே. ஆனால் பெயரோடு கூடத் தொழிலும் வந்தது. குழாயை வளைக்கவும், சட்டத்தைப் பற்றவைக்கவும், சக்கரத்தை நேர்செய்யவும் நம்மவர் கற்றனர். கற்றவர் பிற பட்டறைகளுக்கும் சென்றனர். 1960க்குப் பின் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தபோது, அவ்வட்டாரத்தில் இரும்பைக் கையாளத் தெரிந்த கைகள் முன்னரே இருந்தன. இரவல் வாங்கிய பெயரால் நமக்கு நிலையான ஆஸ்தி ஒன்று சேர்ந்தது. தொழிலறிவு என்பது அதன் பெயர்.

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி, ‘இப்பெயர் புகழ்பெற்றதா?’ என்பதன்று, ‘இலாபம் எத்தனை மாதத்தில் வரும்?’ என்பதுமன்று. ஒப்பந்தம் முடிந்த மறுநாட் காலையில் நம் கையில் எஞ்சுவது யாது என்பதே கேள்வி. பெயர் அவருடையது, மசாலைக் கலவை அவருடையது, கட்டிடம் மனைக்காரருடையது, செயலி வழியே உணவு கேட்டவரின் விவரம் செயலிக்காரருடையது. கடன் ஒன்றே நம்முடையதாய் எஞ்சுமாயின், அதனைத் தொழில் என்று எவ்வாறு சொல்வது? சம்பளம் கொடாத உத்தியோகம் என்றல்லவோ சொல்லவேண்டும்!

எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பெயர்க் குத்தகையில் நன்மைகள் இல்லாமலில்லை. புதிதாய்க் கடை வைப்பவன் இழைக்கும் பிழைகள் பல. உப்பின் அளவு நாளுக்கொன்றாய் மாறுதல், எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுதல், கொள்முதற் கணக்கு எழுதாமை, எஞ்சிய பொருளைக் கெடவிடுதல் ஆகியவை அவற்றுட் சில. நல்ல கம்பெனி ஒன்று இவற்றையெல்லாம் முன்னரே கண்டு, எழுதி வைத்து, பயிற்சி அளிக்கிறது. அறியாத ஊரிலும் அறிந்த பெயர்ப் பலகையைக் கண்டால் மக்கள் அஞ்சாது உள்ளே நுழைகின்றனர். சமையற்காரர் ஒருநாள் வாராவிடினும் கடை நின்றுவிடுவதில்லை. சுத்தமும் ஒழுங்கும் நேரந்தவறாமையும் ஒருவனுக்குப் பழக்கமாகின்றன. இவை சிறு நன்மைகளல்ல. ஆனால் இவற்றுக்கு நாம் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதைக் கணக்கிட்ட பின்னரே நன்மையென்று கொள்ளவேண்டும்.

கணக்கிடுமுன் ஒன்று தெளிதல் நலம். உலகறிந்த பெரும் பெயர்கள் நம்போன்ற சிறு முதலுடையார்க்குக் கிடைப்பனவல்ல. இந்நாட்டில் டோமினோஸ் கடைகளை ஜூபிலண்ட் புட்வொர்க்ஸ் என்னும் ஒரே கம்பெனி தானே நடத்துகிறது. மேற்கிலும் தெற்கிலும் மெக்டொனால்ட்ஸ் கடைகளை ஹார்ட்காசில் ரெஸ்டாரண்ட்ஸ் கம்பெனியே நடத்துகிறது. அம்பத்தூர் ஓ.டி. அருகில் இடம் வைத்திருக்கும் தனியொருவர் இவற்றைப் பெற வழியில்லை. இதனையறியாதாரைக் குறிவைத்தே, புகழ்பெற்ற பெயர்களில் போலி வலைத்தளம் அமைத்து, ‘உரிமம் தருகிறோம், முன்பணம் அனுப்புக’ என்று கேட்கும் வஞ்சகர் தோன்றியிருக்கின்றனர். தொலைபேசியிற் பேசிய குரலை நம்பிப் பணம் அனுப்பியவர் பின்னர்க் காவல் நிலையப் படியேறுகின்றனர். ஆக, நமக்கு உண்மையிற் கிடைக்கக்கூடியவை நடுத்தரப் பெயர்களும் புதுப் பெயர்களுமே: பொரித்த கோழி, பர்கர், மோமோ, ஷவர்மா, பிரியாணி, தேநீர் முதலியவற்றை விற்போர். அவற்றுட் சில நன்கு நடப்பன. சில, பெயரை உண்டாக்குமுன்னரே பெயரை விற்கத் தொடங்கியவை. பின்னவற்றுக்கு உணவு விற்பது தொழிலன்று. உரிமம் விற்பதே தொழில்.

இனிக் கணக்கு. பின்வருவது எந்தக் கம்பெனியின் கணக்குமன்று. வழி காட்டுதற்பொருட்டு நாமே அமைத்துக்கொண்ட உதாரணம். முதல் 25 லட்சம் ரூபாய் என்க. அதில் 15 லட்சம் ஆண்டுக்கு 11 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன். ஒப்பந்த காலம் ஐந்தாண்டு. மாத விற்பனை, வரி நீங்கலாக, 4 லட்சம். ஒருவர் சராசரி 150 ரூபாய்க்கு உண்டால், நாளொன்றுக்குச் சுமார் 90 பேர் வரவேண்டும். செலவைப் பார்ப்போம். உணவுப் பொருளுக்கு நூற்றுக்கு 38 வீதம் 1,52,000 ரூபாய். பெயருக்கு 6, விளம்பரத்துக்கு 2, ஆக நூற்றுக்கு 8 வீதம் 32,000. அப்பங்கின்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,760, உணவகம் வாடிக்கையாளரிடம் 5 சதவீதமே வசூலித்து, உள்ளீட்டு வரி கழிக்கும் உரிமையின்றி நடப்பதால், இவ்வரி நம் தலையிலேயே விடிகிறது. கடை வாடகை 60,000. பணியாளர் சம்பளம் 72,000. மின்சாரமும் எரிவாயுவும் 24,000. விற்பனையில் நூற்றுக்கு 40 செயலி வழியே செல்வதாகவும், அதில் செயலிக்காரர் கால் பங்கு எடுப்பதாகவும் கொண்டால் 40,000. மொத்தச் செலவு 3,85,760. மீதி 14,240. கடன் வட்டி மாதம் 13,750. அதனையும் கழித்தபின் எஞ்சுவது 490 ரூபாய்.

ஆம், 490 ரூபாயே. காலை முதல் நள்ளிரவு வரை கடையில் நின்றவனுக்கு இது. பெயருக்குரியார்க்கோ, விளம்பரப் பங்கும் சேர்த்து, அதே மாதத்தில் 32,000.

விற்பனை 3 லட்சமாகக் குறைந்தால் யாதாகும்? அதே கணக்கின்படி மாதம் 28,320 ரூபாய் நஷ்டம். வட்டியோடு சேர்த்து 42,070. அப்போதும் பெயருக்குரியார்க்கு 24,000 சேர்ந்துவிடும். ஏனெனில் அவர் பங்கு விற்பனையின்மீது வருவது, இலாபத்தின்மீது வருவதன்று. விற்பனை 5 லட்சமாக உயர்ந்தால், வட்டி போக 43,050 எஞ்சும். இதனைக் கண்டு மகிழுமுன், ஐந்தாண்டில், அஃதாவது 60 மாதத்தில், 25 லட்சத்தையும் மீட்க மாதம் 41,667 ஒதுக்கவேண்டும் என்பதை நினைக்க. அது போக நம் உழைப்புக்கு மிஞ்சுவது 1,383 ரூபாய். இறுதியிற் பழைய அடுப்பையும் குளிர்ப்பெட்டியையும் விற்றால் சிறிது வரும்; அவ்வளவே. ஆதலின் இவ்வுதாரணத்தில் 5 லட்சத்துக்கு மேல் ஏறும் விற்பனையே உண்மையான ஊதியம் தருவது. வாடகை குறைந்த இடத்தில் இக்கணக்கு மாறும், கடனில்லாதவனுக்கும் மாறும். அவரவர் தம் எண்களை இட்டுப் பார்க்கட்டும். ஆனால் கம்பெனியின் முகவர் காட்டும் வண்ணத்தாளில் ‘மாத இலாபம்’ என்றிருப்பது எவ்வெச்செலவுகளைக் கழித்த பின்னர் என்பதை வரிவரியாகக் கேட்டறிதல் கடமை.

இடத்தைப் பற்றியும் சில கூறவேண்டும். நம் மேற்குப் புறநகர் ஒரே ஊரன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் பசியோடு வருபவர் பலர். ஆனால் அவர்கள் விரும்புவது குறைந்த விலையில் வயிறு நிறையும் உணவு. அங்கே பரோட்டாக் கடையும் தள்ளுவண்டியும் தரும் நிறைவை 150 ரூபாய்ப் பண்டம் தாராது. அருகிலுள்ள கணினிக் கம்பெனிகளில் வேலை செய்வோர் அவ்விலை கொடுப்பர். ஆனால் வார இறுதியில் அவர்கள் வாரார். வீட்டிலிருந்தே வேலை செய்க என்னும் உத்தரவு வந்தாலும் வாரார். ஆவடியில் குடும்பங்கள் மிகுதி. மாதத்தின் முதற் பத்து நாளும் கடைசிப் பத்து நாளும் அங்கு ஒன்றல்ல. பூவிருந்தவல்லியில், கரையான்சாவடி, குமணன்சாவடிப் பக்கங்களில், சாலையோரக் கடையின் வாடகை மெட்ரோ இரயிற் பாதையைக் காட்டி ஏற்றிப் பேசப்படுகிறது. ஆனால் மேம்பாலத்தில் செல்லும் இரயில் கீழுள்ள கடைக்கு ஆளை இறக்கிவிட்டுப் போகும் என்பது நிச்சயமன்று. நிலையத்தின் வாயில் எப்பக்கம் இருக்கிறது என்பதே ஒரு கடையை வாழ்விக்கும், மற்றொன்றைத் தாழ்த்தும். இவற்றையெல்லாம் அயலூரிலிருக்கும் கம்பெனி அறியாது. அறிந்தாலும் அதற்குக் கவலையில்லை. அறியவேண்டியவர் நாமே.

மற்றொரு இடர், ஒரே பெயருடைய கடைகள் நெருங்கி அமைதல். சப்வே என்னும் அமெரிக்கக் கம்பெனி குறைந்த முதலில் கடை வைக்க அனுமதித்து மிகவிரைவிற் பெருகியது. விற்பனையில் 8 சதவீதம் பெயருக்கும் 4.5 சதவீதம் விளம்பரத்துக்கும் பெற்றது. தம் கடைக்கு அணித்தே அதே பெயரில் வேறு கடை திறக்கப்படுகிறதென்று கடைக்காரர் பலர் முறையிட்டனர். 2015 இல் அமெரிக்காவில் சுமார் 27,000 ஆக இருந்த அதன் கடைகள் 2024 இறுதியில் 20,000க்கும் கீழ் வந்தன. புதுக் கடை ஒவ்வொன்றும் கம்பெனிக்கு வரவு. பழைய கடைக்காரனுக்குச் செலவு. ஆவடியில் ஒருவர்க்கு உரிமம் தந்த கம்பெனி, அடுத்த ஆண்டு பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் தாராதிருக்கும் என்பதற்கு ஒப்பந்தத்தில் எழுதிய எல்லையேயன்றி வேறு காவல் இல்லை. கடையே இல்லாது அடுப்பு மட்டும் வைத்துச் செயலி வழியே விற்பவரும் அவ்வெல்லைக்குள் அடங்குவரா என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

சட்டத்தின் துணை யாதெனில், அதுவும் அற்பமே. அமெரிக்காவில் 1979 முதல் நடப்பிலிருக்கும் விதியின்படி, பெயருக்குரியார் தம் வரலாற்றையும் கட்டணங்களையும் வழக்குகளையும் கடை வைப்பார்க்கு முன்னரே எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும். படித்துப் பார்க்க 14 நாள் அவகாசமும் உண்டு. மலேசியாவில் 1998 இலேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றினர். நம் நாட்டில் பிரான்சைஸுக்கெனத் தனிச்சட்டம் இல்லை; 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் முதலிய பொதுச் சட்டங்களே ஆள்கின்றன. எனவே கையெழுத்திடும் தாளே நமக்குச் சட்டம். 1995 இல் குஜராத் பாட்டிலிங் கம்பெனிக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தம் நடைமுறையிலிருக்கும் காலத்தில் போட்டித் தொழில் செய்யலாகாது என்னும் நிபந்தனை பொதுவாகச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அஃதாவது, கடை நலிந்து வரும்போதும், பக்கத்தில் வேறொரு சிற்றுண்டி விற்று ஈடுகட்டலாம் என்று எண்ண இடமில்லை.

பெரியோர்க்கும் இதில் விலக்கில்லை. விக்ரம் பக்ஷி என்பார் 1995 முதல் வட இந்தியாவில் மெக்டொனால்ட்ஸோடு சமபங்கு கொண்டு கடைகள் நிறுவினார். 2013 இல் பிணக்கு எழுந்து நிர்வாக இயக்குநர் பதவியினின்று நீங்கினார். 2017 ஜூலையில் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அவரை மீண்டும் அப்பதவியில் அமர்த்தியது. ஆனால் அடுத்த மாதமே 169 கடைகளுக்கான உரிம ஒப்பந்தத்தை மெக்டொனால்ட்ஸ் ரத்துச் செய்தது. ஆறாண்டுப் பூசல் 2019 மே மாதத்தில் சமரசத்தில் முடிய, அவர் பங்கைக் கம்பெனியே வாங்கிக்கொண்டது. யார்மீது நியாயம் என்று தீர்ப்பது நம் வேலையன்று. வழக்காடும் வலியும் சமபங்கும் உடையவர்க்கே பெயர் என்பது இவ்வாறு நழுவுமாயின், 25 லட்சமும் ஒரு கடையும் உடையவர் எத்துணை எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்!

இனி நம் முடிபைச் சொல்வோம். பெயர்க் குத்தகையைப் பள்ளிக்கூடமாகக் கொள்வார்க்கு அது தகும். புகலிடமாகக் கொள்வார்க்குத் தகாது. எடுக்கக் கருதுவோர் கீழ்க்கண்டவற்றைச் செய்க. முதலாவது, அப்பெயர்க் கடை ஒன்றில் ஆறு மாதமேனும் சம்பளத்துக்கு வேலை செய்க. பட்டம் பெற்றவன் தட்டுக் கழுவுவதா என்று நாணுபவனுக்கு உணவுத் தொழில் ஆகாது. இரண்டாவது, நடக்கும் கடைகள் இரண்டின் உரிமையாளரையும், மூடிய கடை ஒன்றின் உரிமையாளரையும் கண்டு பேசுக. மூன்றாமவரிடம் கற்பதே மிகுதி. மூன்றாவது, எதிர்பார்க்கும் விற்பனையில் நான்கில் ஒரு பங்கு குறைத்துக் கணக்கிடுக. அப்போதும் ஓராண்டு தாங்குமா என்று காண்க. நான்காவது, குடியிருக்கும் வீட்டை ஈடு வைக்காதீர். தந்தையின் ஓய்வூதியப் பணத்தில் இழந்தாலும் குடும்பம் கலங்காத பகுதியை மட்டுமே இடுக. ஐந்தாவது, வக்கீல் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டி, காலம், எல்லை, புதுப்பிக்கும் கட்டணம், பிறர்க்கு மாற்றும் உரிமை, இடையில் விலகும் வழி ஆகிய ஐந்தையும் தெளிவாக்கிக் கொள்க. கடை வாடகை ஒப்பந்தம் நம் பெயரில் இருக்கட்டும். பெயர்ப் பலகை இறங்கினாலும் இடம் நம்மோடிருக்கும்.

இவ்வைந்துக்கும் இசையாதவர்க்கு வேறொரு வழியுண்டு. சிறிதாயினும் தம் பெயரில் தொடங்குவதே அது. திண்டுக்கல்லில் 1957 இல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடை, அவர் தலையிற் கட்டிய தலைப்பாகையாலேயே பெயர் பெற்றது. சென்னை கே. கே. நகரில் 1981 இல் தொடங்கிய சரவண பவன், பின்னாளிற் கடல் கடந்தும் கிளை விரித்தது. இவை பிறரிடம் பெயரைக் கடன் கேட்டவையல்ல. பிறர் வந்து பெயரைக் கடன் கேட்கும் நிலையை அடைந்தவை. சொந்தக் கடை எல்லாம் வெல்லும் என்று நாம் சொல்லமாட்டோம், தோற்பனவே மிகுதி. ஆயினும் ஐந்து லட்சத்தில் தொடங்கிய சிறு கடை தோற்றால் இழப்பது ஐந்து லட்சம். கற்ற கைப்பக்குவமும், கோயம்பேட்டிற் காய்கறி பேரம் பேசிய பழக்கமும், பெயர் சொல்லி அழைக்கும் வாடிக்கையாளரும் எஞ்சுவர். வென்றாலோ, அப்பெயர் பேரன் காலத்திலும் நம்முடையது.

கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்கமாட்டாது நின்றவனைப் பற்றிய உவமையை இக்கலாசாலையின் ஆலயத்தில் கேளாதார் நம்முள் இலர். செலவை முன்னரே உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பது கோழைத்தனமன்று. தந்தையின் முப்பதாண்டு வியர்வைக்குச் செய்யும் மரியாதை. வியாபாரத்தில் இறங்குங்கள், இளைஞர்களே. அஞ்சி ஒதுங்குமாறு நாம் கூறவில்லை. ஆனால் பிறர் பெயர்ப் பலகையின் ஒளியில் நின்று தம் கணக்கைப் பார்க்கத் தவறாதீர்கள். இரவல் ஒளி என்றோ ஒருநாள் அணையும். அன்று கையிற் சொந்த விளக்கு ஒன்று இருக்கவேண்டும்.